முன்பணமும் உலக ஒழுங்கும்: காஞ்சிபுரத் தறியிலிருந்து ஒரு மறுநோக்கு

முன்னுரை

கடந்த இருபது ஆண்டுகளில் 'வளர்ந்துவரும் பொருளாதாரங்கள்' என்னும் தொடர் தமிழ் இதழ்களிலும் பாடநூல்களிலும் நிலைபெற்றுவிட்டது. இந்தியா, சீனா, பிரேசில், தென்னாப்பிரிக்கா முதலிய நாடுகளின் உயர்வால் மேற்குலகின் தலைமையில் அமைந்த உலக ஒழுங்கு மாறிவருகிறது என்னும் கருத்தும் அத்தொடரோடு சேர்ந்தே வழங்குகிறது. தமிழியல் ஆய்வாளர் பலர் இதனைத் தம் துறைக்குப் புறம்பான செய்தியாகக் கொள்கின்றனர். வேறு சிலர் சங்ககாலக் கடல்வணிகத்தையும் சோழர் கடற்படையெடுப்பையும் இன்றைய எழுச்சிக்கு முன்வரலாறாக எடுத்துக்காட்டி அதனை வழிமொழிகின்றனர். இவ்விரு நிலைகளும் மறுபரிசீலனைக்கு உரியன என்பது இக்கருத்துரையின் வாதம். நாடுகளின் தரவரிசை மாறுவது வேறு. அத்தரவரிசைக்கு அடியில் உள்ள உழைப்பு உறவுகள் மாறுவது வேறு. முன்னது நிகழ்ந்துள்ளது. பின்னது பெரும்பாலும் நிகழவில்லை. இவ்வேறுபாட்டைக் கண்டுகொள்ளக் காஞ்சிபுரத்துப் பட்டுத்தறி ஏற்றதோர் இடமாகும்.

இக்கட்டுரையாளர் பட்டு நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் கூலிக் கணக்கு எழுதப்பெற்ற குறிப்பேடுகளில் ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் 'முன்பணம்' என்னும் சொல்லும் அதற்கெதிரே ஒரு தொகையும் இருக்கும். சேலைக்குச் சேலை அத்தொகை சிறிது குறையும். திருமணம், மருத்துவம், பள்ளிக் கட்டணம் என ஏதேனும் ஒன்று வரும்போது மீண்டும் கூடும். சுழியம் என்னும் எண்ணை அப்பத்தியில் கண்டதாக நினைவில்லை. உலக ஒழுங்கு குறித்த கோட்பாடுகளைப் பின்னாளில் பயின்றபோது, அக்குறிப்பேட்டின் பத்தியை அவை எவ்வாறு விளக்கும் என்னும் வினா எழுந்தது. அவ்வினாவிலிருந்து பிறந்ததே இக்கருத்துரை.

சொல்லின் பிறப்பும் கோட்பாட்டின் பிறப்பும்

ஒரு சொல் எங்கே, யாருடைய தேவைக்காகப் பிறந்தது எனக் கேட்பது மொழித்துறை மாணவர்க்கு இயல்பான பயிற்சி. 'மூன்றாம் உலகம்' என்னும் சொல்லை 1952இல் பிரெஞ்சு மக்கள்தொகையியலறிஞர் ஆல்ஃபிரட் சோவி வழங்கினார். பிரெஞ்சுப் புரட்சிக்கு முன் உரிமையற்றிருந்த மூன்றாம் வகுப்பாரை நினைவூட்டும் வகையில் அமைந்த சொல் அது. அதனுள் ஓர் அரசியல் கோரிக்கை இருந்தது. 'வளர்ந்துவரும் சந்தைகள்' என்னும் சொல்லின் பிறப்பு வேறு. உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த பன்னாட்டு நிதிக் கழகத்தில் பணியாற்றிய அந்துவான் வான் ஆக்மேல் 1981இல் அதனை உருவாக்கினார். மூன்றாம் உலகப் பங்கு நிதியம் என்னும் பெயர் முதலீட்டாளரை ஈர்க்காது என்பதால் தேர்ந்தெடுக்கப்பெற்ற மாற்றுப்பெயர் அது. 2001இல் கோல்ட்மேன் சாக்ஸ் நிறுவனத்தின் பொருளியலறிஞர் ஜிம் ஓ'நீல் 'பிரிக்' என்னும் முதலெழுத்துச் சொல்லைப் புனைந்ததும் முதலீட்டு ஆய்வறிக்கை ஒன்றில்தான். பின்னர் அந்நாடுகளே அப்பெயரை ஏற்று 2009இல் உருசியாவின் எகத்தரின்பர்க் நகரில் முதல் உச்சிமாநாட்டை நடத்தின. தமக்குப் பிறர் இட்ட சந்தைப் பெயரை அரசுகள் தம் அரசியல் பெயராக ஏற்றுக்கொண்ட நிகழ்வு இது.

வான் ஆக்மேலின் சொல் பிறந்த அதே 1981ஆம் ஆண்டில்தான் இராபர்ட் காக்ஸ் சமூக ஆற்றல்கள், அரசுகள், உலக ஒழுங்குகள் பற்றிய தம் புகழ்பெற்ற கட்டுரையை 'மில்லேனியம்' இதழில் வெளியிட்டார். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பில் பணியாற்றிய பின் கல்வித்துறைக்கு வந்தவர் அவர். நிலவும் ஒழுங்கை அப்படியே ஏற்றுக்கொண்டு அதனுள் எழும் இடர்களைக் களைய முயலும் கோட்பாட்டைச் சிக்கல்தீர்க்கும் கோட்பாடு என்றும், அவ்வொழுங்கே எவ்வாறு உருவாயிற்று, எவ்வாறு மாறக்கூடும் என வினவுவதைத் திறனாய்வுக் கோட்பாடு என்றும் அவர் பிரித்தார். கோட்பாடு எதுவாயினும் அதற்கோர் இடமும் காலமும் பயனாளரும் உண்டு என்பது அவரது அடிப்படை நிலைப்பாடு. பொருள்வலிமை, கருத்துகள், நிறுவனங்கள் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கிநிற்கும்போது ஓர் உலக ஒழுங்கு நிலைபெறுகிறது என்றார். 1983இல் எழுதிய மற்றொரு கட்டுரையில் இத்தாலியச் சிந்தனையாளர் அந்தோனியோ கிராம்சியின் மேலாண்மைக் கருத்தைப் பன்னாட்டு அரசியலுக்கு விரித்துரைத்தார். எதிர்ப்புக் குரல்களைத் தன்னுள் இழுத்துக்கொண்டு அவற்றின் கூர்மையை மழுக்குவது மேலாண்மையின் இயல்பு என்பதையும் அதில் விளக்கினார்.

இக்கோட்பாட்டின் ஒளியில், வளர்ந்துவரும் பொருளாதாரங்கள் குறித்த விவாதத்தின் மைய வினா மாறுகிறது. எந்த நாடு எத்தனையாவது இடத்தில் உள்ளது என்பதை விட, அந்த இடத்தை அடைவதற்கு எவ்வகை உழைப்பு, எத்தகைய நிபந்தனையில் பயன்பட்டது என்பதே ஆய்வுக்குரிய வினாவாகிறது.

முன்பணத்தின் வரலாறு

விசயநகரக் காலத்தில் காஞ்சிபுரத்துக் கைக்கோளர் தண்டு, சங்கு ஆகிய சிறப்புரிமைகளைப் பெற்றிருந்தனர். அதனை முன்மாதிரியாகக் கொண்டு பிற ஊர்க் கைக்கோளரும் அவ்வுரிமைகளைப் பெற்றனர். இதனைக் கல்வெட்டுச் சான்றுகளின் வழி விஜயா இராமசாமி விளக்கியுள்ளார். நெசவாளர் தம் மதிப்பைக் கோயிலிலும் அரசிடமும் வலியுறுத்திப் பெறும் நிலையில் இருந்தனர் என்பதற்கு இது சான்று.

பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்திய நெசவாளர் குறித்துப் பிரசன்னன் பார்த்தசாரதி 2001இல் வெளியிட்ட நூல் முன்பணம் பற்றிய நம் பொதுக்கருத்தையே மாற்றக்கூடியது. அவர் ஆராய்ந்தது பெரும்பாலும் பருத்தி நெசவை. கும்பினி ஆட்சிக்கு முன் வணிகர் கொடுத்த முன்பணம் நெசவாளரைக் கட்டிப்போடும் கருவியாக இருக்கவில்லை. பெற்ற பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நெசவாளர் ஒப்பந்தத்திலிருந்து விலகலாம். வணிகருக்கோ அவ்வாறு விலகும் உரிமை இல்லை. நெசவாளருக்குச் சார்பாக அமைந்த இவ்வழக்கத்தைக் கிழக்கிந்தியக் கும்பினி தன் அரசதிகாரத்தைக் கொண்டு உடைத்தது. முன்பணம் பெற்றவர் பிறர்க்கு நெய்வது குற்றமாக்கப்பட்டது. முன்பணம் என்னும் சொல் மாறவில்லை. அதன் பொருள் தலைகீழாயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் காஞ்சிபுரம் பட்டின் நகரமாகப் பெயர்பெற்றபோது இச்சொல் மேலும் இறுகியது. காஞ்சிபுரச் சேலையின் உடலும் கரையும் தனித்தனி ஊடையால் நெய்யப்பெற்றுக் கோர்வை முறையில் இணைக்கப்பெறுவன. மூன்று நாடாக்களைக் கொண்டு நெய்யும் இம்முறைக்கு நெசவாளரோடு ஓர் உதவியாளும் தேவை. அவ்வுதவியாள் நெடுங்காலம் சிறுவராகவே இருந்தனர். பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்கு ஈடாகப் பிள்ளைகள் பிறர் தறியில் அமர்ந்தனர். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் வந்த பின்னும் இது தொடர்ந்ததை 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு வெளியிட்ட அறிக்கை காஞ்சிபுரத்தையும் உள்ளடக்கிப் பதிவுசெய்தது. பள்ளிக்கல்வியின் பரவலும் தொடர்ந்த கண்காணிப்பும் அக்கொடுமையைப் பெருமளவு குறைத்துள்ளன. ஆனால் வளர்ந்தோரின் முன்பணம் நீங்கவில்லை. தனியாரிடம் கூலிக்கு நெய்பவர் பட்டையும் சரிகையையும் எடையிட்டு வாங்கி, நெய்த சேலையை எடையிட்டே ஒப்படைக்கிறார். மூலப்பொருள், வடிவமைப்பு, விலை ஆகிய மூன்றிலும் அவருக்குச் சொல்லுரிமை குறைவு.

நாட்டின் பொன்னும் தறியின் பொன்னும்

இப்போது நாட்டின் கணக்கேட்டைத் திறந்து பார்க்கலாம். 1991இல் அந்நியச் செலாவணி நெருக்கடியின்போது இந்தியா ஏறத்தாழ 47 டன் பொன்னை வெளிநாட்டு மைய வங்கிகளிடம் அடகு வைத்துக் கடன் பெற்றது. அதனைத் தொடர்ந்து பன்னாட்டு நாணய நிதியத்தின் கடனும், அதற்குரிய நிபந்தனைகளும், பொருளாதாரத் தாராளமயமும் வந்தன. தன் பொன்னை ஈடாக வைத்து முன்பணம் பெற்ற நாடாக அன்று இந்தியா இருந்தது. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், 2009ஆம் ஆண்டின் இறுதியில், அதே பன்னாட்டு நாணய நிதியம் விற்ற பொன்னில் 200 டன்னை இந்திய ரிசர்வ் வங்கி விலைகொடுத்து வாங்கியது. பிரிக் நாடுகளின் முதல் உச்சிமாநாடு நடந்ததும் அவ்வாண்டில்தான். 2014இல் ஐந்து நாடுகளும் சேர்ந்து புதிய வளர்ச்சி வங்கியை நிறுவ உடன்பட்டன. 2023இல் ஜி-20 கூட்டமைப்பின் தலைமையை இந்தியா ஏற்று உச்சிமாநாட்டைப் புதுதில்லியில் நடத்தியது. கடன்பட்ட நாடு கடன்கொடுக்கும் அவையில் அமர்ந்தது. இது மெய்யான மாற்றம். இதனைக் குறைத்து மதிப்பிடுதல் ஆய்வு நேர்மையாகாது.

இதே காலப்பகுதியில் தறியின் கணக்கேடு என்ன சொல்கிறது? அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி 2009-10இல் 43.31 இலட்சமாக இருந்த நெசவாளர், துணைத்தொழிலாளர் எண்ணிக்கை 2019-20இல் 35.22 இலட்சமாகக் குறைந்தது. பிந்தைய கணக்கெடுப்பில் நெசவாளர் குடும்பங்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைந்த வருமானம் உடையவை. நாடு பொன்னை மீட்டது. பொன்சரிகை நெய்பவர் தம் முன்பணத்தை மீட்கவில்லை. பொன், வெள்ளி விலை உலகச் சந்தையில் உயரும்போது சரிகையின் விலை உயர்கிறது. சேலையின் விலை உயர்ந்து வாங்குவோர் தயங்குகின்றனர். விற்பனை குறைந்தால் முதலில் நிற்பது தறி. மைய வங்கியின் பெட்டகத்தில் இருக்கும் பொன்னுக்கு விலையேற்றம் ஆதாயம். தறியில் ஏறும் பொன்னுக்கு அதுவே வேலையிழப்பு. ஒரே உலோகம், ஒரே நாடு, ஒரே உலகச் சந்தை. விளைவு மட்டும் இரண்டு. நாட்டை ஒற்றை அலகாகக் கொள்ளும் பன்னாட்டு உறவுக் கோட்பாடு இவ்விரண்டாம் விளைவைக் காண இயலாது.

தேசிய நலன் என்னும் ஒருமை

காஞ்சிபுரத்தில் நெய்யப்படும் பட்டு இழை பெரும்பாலும் கருநாடகத்திலிருந்து வருகிறது. சரிகைக்குச் சூரத்து நெடுங்காலமாகப் பெயர்பெற்றது. உலகில் பட்டு உற்பத்தியில் சீனா முதலிடத்திலும் இந்தியா இரண்டாமிடத்திலும் உள்ளன. இந்தியாவின் நுகர்வு அதன் உற்பத்தியை விஞ்சி நின்றமையால் சீனப் பட்டிழை இறக்குமதியாயிற்று. இங்கே 'தேசிய நலன்' என்பது என்ன?

2011ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் கச்சாப் பட்டின் மீதான இறக்குமதித் தீர்வை 30 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. மூலப்பொருள் மலிந்தால் நெசவுக்கு நன்மை என்பது அதன் அடிப்படை. கருநாடகப் பட்டுக்கூடு உற்பத்தியாளர் கடுமையாக எதிர்த்தனர். 2013இல் தீர்வை 15 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. முதல் முடிவில் நெசவாளர் பெயரும் இரண்டாம் முடிவில் உழவர் பெயரும் சொல்லப்பட்டன. சிறு உழவரும் கூலி நெசவாளரும் ஒருவர்க்கெதிராக ஒருவர் நிறுத்தப்பட்ட இவ்வமைப்பில், இடையில் இழையை இருப்பு வைத்து விற்கும் வணிகமூலதனம் எம்முடிவாயினும் தன்னைக் காத்துக்கொள்ள வல்லதாக இருந்தது. பிரிக்ஸ் அமைப்பில் அருகருகே அமர்ந்து புதிய உலக ஒழுங்கு பேசும் இரு நாடுகள், பட்டிழைச் சந்தையில் தத்தம் நாட்டு எளியோரைப் போட்டியாளராக்கியே சந்திக்கின்றன. தெற்கு நாடுகளின் கூட்டொருமை என்னும் கருத்து அரசுகளின் மேடையில் உண்மையாகவும், உழைப்போரின் நிலையில் வெறும் சொல்லாகவும் ஒருங்கே இருக்கக்கூடும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

நிறுவனங்களின் நிலையிலும் இதே இரட்டைத்தன்மையைக் காணலாம். உலக வணிக அமைப்பு 1995இல் தோன்றியபோது உடன்வந்த அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தத்தின் கட்டாயத்தால் இந்தியா 1999இல் புவிசார் குறியீட்டுச் சட்டம் இயற்றியது. அதன் கீழ்க் காஞ்சிபுரப் பட்டு 2005-06இல் பதிவுபெற்றது. ஐரோப்பிய ஒயின் உற்பத்தியாளரின் நலன்களோடு நெருங்கிய தொடர்புடைய ஒரு சட்டக்கருத்து, காஞ்சிபுரத்தின் பெயரைக் காக்கும் கவசமாக வந்து சேர்ந்தது. பயன் இல்லாமல் இல்லை. போலிப் பெயரில் விற்பதைத் தடுக்க ஒரு வழி பிறந்தது. எனினும் குறியீடு காப்பது ஊரின் பெயரையே. ஊரில் நெய்பவரின் கூலி குறித்து அச்சட்டம் எதுவும் கூறவில்லை. சமூகத்தின் கூட்டறிவு உலக ஒழுங்கின் மொழியில் 'சொத்து' என மொழிபெயர்க்கப்பெற்றது. அம்மொழிபெயர்ப்பில் உழைப்பு விடுபட்டது. இழுத்துக்கொண்டு கூர்மழுக்கும் மேலாண்மை குறித்துக் காக்ஸ் சொன்னதற்கு இதைவிட அண்மைச் சான்று தேட வேண்டியதில்லை.

தறியிலிருந்து தொழிற்சாலைக்கு

நெசவுக் குடும்பத்து இளைஞர் பலர் இன்று திருப்பெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டைப் பகுதிகளுக்குப் பேருந்து ஏறுகின்றனர். காஞ்சிபுரம் மாவட்டத்தின் மற்றொரு முகம் இது. 1998இல் ஹூண்டாய் மகிழுந்துத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. 2006இல் தொடங்கிய நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை, தாய்நிறுவனத்தின் கைப்பேசித் தொழில் மைக்ரோசாஃப்ட்டுக்குக் கைமாறியபோது வரிவழக்கால் அவ்விற்பனையில் சேராமல் 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலையிழந்தனர். அவர்களுடைய திறனிலோ உழைப்பிலோ குறையேதும் இல்லை. முடிவெடுத்த அவைகளில் அவர்களுக்கு இருக்கை இருக்கவில்லை.

2024 செப்டம்பர் 9ஆம் நாள் திருப்பெரும்புதூர் சாம்சங் தொழிற்சாலையில் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கி ஒரு மாதத்திற்கு மேல் நீடித்தது. ஊதிய உயர்வோடு தம் சங்கத்திற்கு ஏற்பு வேண்டும் என்பதும் அவர்களின் முதன்மைக் கோரிக்கை. நீதிமன்றம் வரை சென்ற பின் 2025 சனவரியில் சங்கம் பதிவுபெற்றது. சங்கம் அமைக்கும் உரிமை பற்றிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 87ஆம் உடன்படிக்கை 1948ஆம் ஆண்டினது. கூட்டுப்பேர உரிமை பற்றிய 98ஆம் உடன்படிக்கை 1949ஆம் ஆண்டினது. தென்கொரியா இவ்விரண்டையும் 2021இல் ஏற்பிசைந்தது. இந்தியா இன்றளவும் ஏற்பிசையவில்லை. தென்கொரியாவும் ஒருகாலத்தில் உலகப் பொருளாதாரத்தின் விளிம்பிலிருந்து எழுந்த நாடே. விளிம்பிலிருந்து எழுந்த ஒரு நாட்டின் மூலதனம், எழுந்துகொண்டிருக்கும் மற்றொரு நாட்டின் உழைப்பைச் சந்திக்கும் இடமாக நம் மாவட்டம் ஆகியுள்ளது. முதலீடு ஈர்க்கும் போட்டியில் அரசுகளின் எழுச்சியும் தொழிலாளர் உரிமையும் ஒரே திசையில் செல்வதாகக் கொள்வதற்கு இந்நிகழ்வில் இடமில்லை.

எதிர்வாதங்கள்

இவ்வாதத்திற்கு எதிராக மூன்று கருத்துகள் எழலாம்.

முதலாவது, வளர்ச்சியால் வறுமை குறைந்துள்ளது. தொழிற்சாலைகள் மாத ஊதியத்தையும், குறிப்பாகப் பெண்களுக்கு வீட்டுக்கு வெளியே வாழ்வையும் தந்துள்ளன என்பது. இது முற்றிலும் உண்மை. தறிக்குழியில் முதுகு வளைந்த தந்தையர் தம் பிள்ளைகள் அங்கே அமர வேண்டாம் என விரும்புவதை மரபின் பெயரால் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை. இக்கட்டுரை கைத்தறியைப் பொற்காலமாக்கவில்லை. முன்பணத்திலிருந்து ஒப்பந்தக் கூலிக்குச் செல்லும் பயணத்தில் பேரம்பேசும் ஆற்றல் கூடியதா என்பதையே வினவுகிறது.

இரண்டாவது, வலுவான அரசு இல்லாமல் எளியோர்க்குப் பாதுகாப்பு இல்லை என்பது. கைத்தறிக்குச் சில இரகங்களை ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டமும், நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் அரசின் துணையால் வந்தவையே. உலக வணிகப் பேச்சுகளில் வளரும் நாடுகள் சேர்ந்து நின்று தம் கொள்கைவெளியைக் காத்ததும் உண்டு. ஆகவே அரசுகளின் எழுச்சி வேண்டாததன்று, போதாதது. அது கொண்டுவந்த வெளியை உள்நாட்டில் யார் நிரப்புகின்றனர் என்பதே வினா.

மூன்றாவது, காக்சும் கிராம்சியும் மேலைநாட்டவர். அவர்தம் கருவிகளைக் காஞ்சிபுரத்திற்குக் கொண்டுவருதல் மற்றுமோர் இறக்குமதியே என்பது. இதற்கு மறுமொழி நம் ஆய்வுமரபிலேயே உள்ளது. 1974இல் கா. சிவத்தம்பி திணைக் கோட்பாட்டை ஆராய்ந்து, குறிஞ்சி முதல் நெய்தல் வரையிலான நிலங்களின் வாழ்முறை வேறுபாட்டில் சமனற்ற பொருளாதார வளர்ச்சியின் சுவட்டைக் காட்டினார். அதே ஆண்டு ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை புதிய பன்னாட்டுப் பொருளாதார ஒழுங்கு குறித்த அறிவிப்பை வெளியிட்டது. உலக அளவில் சமனின்மை விவாதிக்கப்பெற்ற அதே காலத்தில் சங்க இலக்கியத்தின் நிலப்பாகுபாட்டிலும் சமனின்மையை ஒரு தமிழறிஞர் கண்டார். கோட்பாடு எங்கிருந்து வந்தது என்பதைவிட, அது நம் தரவுகளின் முன் சோதிக்கப்பெற்றதா என்பதே முதன்மையானது.

தமிழியல் ஆய்வின் பொறுப்பு

2019 அக்டோபர் 11, 12 ஆகிய நாட்களில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரத்தில் சந்தித்தனர். அப்போது மாமல்லபுரம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்தது அடுத்த மாதம். ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிக்கு வந்த யுவான் சுவாங்கும், பல்லவர் காலக் கடல்வழித் தொடர்பும், சீனத்துக் குவான்சௌ நகரில் கிடைத்த 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் அந்நாட்களில் ஊடகங்கள் எங்கும் பேசப்பட்டன. ஹான் பேரரசின் வரலாற்று நூல் கூறும் ஹுவாங்சி நாடு காஞ்சியே எனச் சில அறிஞர் முன்மொழிந்த, இன்றும் உறுதிப்படாத கருத்தும் முடிந்த முடிபாக எடுத்தாளப்பட்டது. தமிழ்நாட்டிற்கும் ஃபூஜியான் மாநிலத்திற்கும் உறவுப்பாலம் அமைப்பதும் மாமல்லபுரத்திற்கும் ஃபூஜியானுக்கும் இடையிலான தொடர்புகளை ஆராயக் கல்விக்கழகம் நிறுவுவதும் பேசப்பட்டன. சீன அதிபரின் உருவம் நெய்யப்பெற்ற சிறுமுகைப் பட்டு பரிசாக வழங்கப்பட்டது. எட்டே மாதங்களில், 2020 சூனில், கல்வான் பள்ளத்தாக்கில் இரு நாட்டுப் படைவீரர் மோதி உயிரிழந்தனர். அதன்பின் அக்கல்வெட்டையும் யாத்திரிகரையும் அரசியல் மேடைகளில் எவரும் தேடவில்லை.

அரசுகள் தம் தேவைக்கு வரலாற்றை எடுப்பதும் விடுவதும் புதிதன்று. வருந்தத்தக்கது, ஆய்வுலகமும் அத்தேவையின் போக்கிலேயே கட்டுரைகளைப் பெருக்கியதும் நிறுத்தியதும். கோட்பாட்டுக்குப் பயனாளர் உண்டு என்பது தமிழாய்வுக்கும் பொருந்தும்.

வேறொரு வழி நம் இலக்கியத்திலேயே உண்டு. பட்டினப்பாலை, பெரும்பாணாற்றுப்படை ஆகிய இரண்டும் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியவை. வணிகம் பற்றி எழுதும் ஆய்வாளர் பெரும்பாலும் முதலாவதையே நாடுகின்றனர். புகார்த் துறையில் குவிந்த பொருள்களின் பட்டியல் அவர்களை ஈர்க்கிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையிலும் நீர்ப்பெயற்றுத் துறைமுகம் உண்டு. அங்கும் கலங்கள் வருகின்றன. ஆனால் அத்துறைமுகத்தை நாம் அடைவது பசித்த பாணனோடு நடந்து. உப்பு வண்டி ஓட்டும் உமணரையும், மிளகுப் பொதி சுமக்கும் கழுதைகளையும், சுங்கவழிக் காவலையும், எயினர், ஆயர், உழவர், மீனவர் குடியிருப்புகளையும் கடந்த பின்னரே நகரம் தெரிகிறது. அரசனைப் புகழும் நூல்தான் அது. எனினும் செல்வத்தை நோக்கிச் செல்லும் பாதை, செல்வம் இல்லாதவன் கால்களால் அளக்கப்படுகிறது. உலக ஒழுங்கை ஆராய்வதற்கு இந்நோக்குநிலை நமக்குக் கிடைத்துள்ள நல்ல தொடக்கம். இதனை நவீனக் கோட்பாட்டின் முன்னோடி எனப் பெருமை பேச வேண்டியதில்லை. எங்கிருந்து தொடங்கி நடப்பது என்பதற்கான வழிகாட்டலாகக் கொண்டால் போதும்.

நடைமுறையில் மூன்று பணிகளை இக்கட்டுரை முன்மொழிகிறது. ஒன்று, நெசவாளர் வீடுகளிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் அழிந்துவரும் கூலிக் குறிப்பேடுகள், ஒப்பந்தச் சீட்டுகள், கடிதங்கள் ஆகியவற்றைத் தமிழ்த்துறைகள் ஆவணமாகத் தொகுக்க வேண்டும். சுவடிகளைத் திரட்டிய துறைக்கு இது அந்நியப் பணியன்று. இரண்டு, தொழிற்சொல் அகராதிகள் பாவு, ஊடை, கோர்வை, முந்தி முதலிய கைவினைச் சொற்களோடு நிற்கின்றன. முன்பணம், கூலி, கழிவு, பாக்கி முதலிய உறவுச் சொற்களின் பொருள்மாற்ற வரலாறும் அவற்றில் இடம்பெற வேண்டும். மூன்று, பன்னாட்டு அரசியற் கலைச்சொற்களைத் தமிழாக்கும்போது அவற்றின் பிறப்பிடத்தையும் பயனாளரையும் சுட்ட வேண்டும். 'வளர்ந்துவரும்' என்னும் அடைமொழி முதலீட்டாளரின் பார்வையில் எழுந்தது என அறிந்த மாணவர் அத்தொடரை எச்சரிக்கையோடு கையாள்வார்.

முடிவுரை

உலக ஒழுங்கு மாறுகிறது என்பதற்கு உச்சிமாநாடுகளின் எண்ணிக்கை சான்றாகாது. 1991இல் அடகில் இருந்த நாடு இன்று பிறர்க்குக் கடன் தருகிறது. அந்நாட்டின் பெயரை உலகெங்கும் கொண்டுசெல்லும் சேலையை நெய்பவர் அதே காலத்தில் தம் கடனை அடைக்க இயலவில்லை. இவ்விரண்டையும் ஒருங்கே விளக்கும் கோட்பாடே நமக்குத் தேவை. திறனாய்வுப் பன்னாட்டு உறவுக் கோட்பாடு அதற்கு ஒரு தொடக்கத்தைத் தருகிறது. அதனை நிறைவு செய்யும் சான்றுகள் தில்லி ஆவணக் காப்பகங்களைக் காட்டிலும் பிள்ளையார்பாளையத்து வீடுகளின் பரண்களில் மிகுதியாக இருக்கக்கூடும். தறிகள் நின்ற வீடுகளில் அக்குறிப்பேடுகள் பழைய தாள்களோடு எடைக்குப் போடப்படுகின்றன. அவை முற்றும் மறைவதற்கு முன் அவற்றைப் படிக்கும் பொறுப்பு, முன்பணம் என்னும் சொல்லின் பொருள் எவ்வாறு மாறியது என அறியும் பயிற்சியுடைய தமிழ்த்துறைக்கு உண்டு.